கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பது சுயநலமா?

கேள்வி: எனக்கு வயது 34. கணக்குப் பிரிவில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. வெளியே வராமல் உள்ளேயே வாழும் அடைபட்ட மடம் ஒன்றில் சேர்ந்து கடைசிவரை ஜெப வாழ்வு வாழ வேண்டும் என்ற எண்ணம் மூன்று ஆண்டுகளாக என்னை விடவில்லை. அக்காவிடம் சொன்னபோது, “உலகத்தில் இத்தனை பேர் கஷ்டப்படும்போது நாலு சுவருக்குள் உட்கார்ந்து ஜெபிப்பதால் யாருக்கு என்ன பிரயோஜனம்? இது சுத்த சுயநலம்” என்றார். நோயாளிகளைக் கவனிக்கும் சபையில் சேர்ந்தாலாவது ஒப்புக்கொள்வாராம். அம்மா அக்காவோடு இருக்கிறார். நான் சுயநலக்காரியா? தூக்கம் வரவில்லை.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அக்கா கேட்டதை அவிசுவாசியின் கேள்வி என்று ஒதுக்கிவிடாதீர்கள். துறவிகளே ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே தங்களைக் கேட்டுக்கொண்ட கேள்வி அது. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரிய பசிலியார் ஆயர். துறவிகளுக்கு ஒழுங்கு வகுத்துக் கொடுத்தவரும் அவர்தான். இயேசு சீடர்களின் கால்களைக் கழுவினாரே, தன்னந்தனியாக வாழ்கிறவன் யாருடைய காலைக் கழுவுவான் என்று அவர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் செசரியா நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் பெரிய இல்லம் ஒன்றையும் கட்டினார். அதற்காகத் துறவே வேண்டாம் என்று அவர் சொல்லிவிடவில்லை. துறவிகள் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு சேர்ந்து வாழட்டும் என்றார்.

ஆறாம் நூற்றாண்டில் ஆசீர்வாதப்பர் வகுத்த மட ஒழுங்கிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆரம்பத்து ஆர்வத்தில் ஒருவர் வனத்துக்குக் கிளம்பிவிட முடியாது. மற்றவர்களோடு மடத்தில் நெடுங்காலம் வாழ்ந்து பக்குவப்பட்ட பிறகுதான் தனிவாசம். புதிதாக வருகிறவருக்கு வாசலும் உடனே திறக்காது. நாலைந்து நாள் தட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கடுமையாகப் பேசினாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் காலத்திலும் அவசரம் இல்லை. 2016-ல் திருத்தந்தை பிரான்சிஸ் தியானத் துறவுக் கன்னியருக்காக வெளியிட்ட விதிகளின்படி, ஆரம்பப் பயிற்சி ஒன்பது ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது, பன்னிரண்டைத் தாண்டவும் கூடாது. பிரச்சினைகளிலிருந்து ஓடிவருகிறவர்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பது சிரமம்.

உள்ளே இருக்கும் வாழ்க்கையை வெளியிலிருந்து பார்க்கும் நாம் அமைதிப் பூங்காவாகக் கற்பனை செய்துகொள்கிறோம். அங்கே சுமார் இருபது பெண்கள், அவர்களில் ஒருவரையும் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. சாகும்வரை அதே முகங்கள், அதே குரல்கள், அதே சமையலறை. வெளியில் என்றால் பிடிக்காதவர்களிடமிருந்து விலகிக்கொள்ளலாம். அங்கே விலக இடமே கிடையாது. சிறுமலர் தெரேசா, ஜெப நேரத்தில் தன் பின்னால் இருந்த ஒரு கன்னியர் எழுப்பிய சிறு சத்தத்தால் எவ்வளவு தவித்தார் என்பதை அவரே எழுதியிருக்கிறார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் போதும், நின்றிருக்கும். பார்க்காமல் இருப்பதற்குள் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது என்கிறார். ஒரு புனிதையின் போராட்டம் இவ்வளவு சின்ன விஷயத்திலா என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். இப்போது அதுதான் என்னை மிகவும் தொடுகிறது. 15 வயதில் மடத்துக்குள் போய் 24 வயதில் அங்கேயே இறந்த அந்தப் பெண்ணைத்தான் 1927-ல் மறைப்பணிகளின், அதாவது ஊர் ஊராகப் போய் நற்செய்தி பரப்பும் பணிகளின், பாதுகாவலியாகத் திருச்சபை அறிவித்தது. கடல் கடந்து அலைந்த பிரான்சிஸ் சவேரியாருக்குச் சமமாக!

சரி, பிரயோஜனம் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். ஜெபத்தால் இன்னாருக்கு இன்னது நடந்தது என்று கணக்குக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது. ஆனால் ஒன்று சொல்ல முடியும். என் அப்பா கடைசி நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வார்த்தையே வரவில்லை. அப்போது கார்த்தூசியத் துறவிகளைப் பற்றி எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. 1084-ல் புரூனோ தொடங்கிய வழியில் வந்தவர்கள். நள்ளிரவில் எழுந்து கோவிலில் கூடி, விடியலுக்கு வெகுமுன்பு வரை ஜெபிப்பார்கள். பிறகு மறுபடி படுக்கப் போவார்கள். இந்த நேரத்தில் விழித்திருக்கிறவர்களுக்காக எங்கோ சிலர் விழித்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அப்பா பிழைக்கவில்லை. ஆனாலும் அந்த இரவில் நான் தனியாக இல்லை. என் பெயர்கூடத் தெரியாத யாரோ எனக்குச் செய்த உதவி அது. இதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நோயாளிக்குக் கட்டுப்போடும் கை வேண்டும், கட்டாயம் வேண்டும். அந்தக் கை உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல அக்காவுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை.

அப்படியானால் சுயநலம் எங்கேதான் நுழைகிறது? மனிதர்கள்மேல் உள்ள அலுப்புக்கு ஜெபம் என்று பெயர் வைக்கும்போது நுழைகிறது. இப்போது வீட்டில் ஒரு மணி நேரம் ஜெபித்துவிட்டு எழுந்ததும் யாராவது கூப்பிட்டால் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை முன்பைவிடப் பொறுமை கூடியிருக்கிறதா? மடம் என்று நினைத்ததும் மனதில் முதலில் எழுவது கடவுளின் முகமா, இனி யாரையெல்லாம் பார்க்கத் தேவையில்லை என்ற நிம்மதியா? வேலையில் எல்லாம் நன்றாக நடந்த நாட்களிலும் இந்த ஆசை இருக்கிறதா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

இனி, இந்தக் கடிதத்தில் என்னை உறுத்திய இடம். இங்கே சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் ஜெபத்தைப் பற்றி மூன்று பக்கம். அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘அம்மா அக்காவோடு இருக்கிறார்.’ அவருக்கு உடம்பு எப்படி, செலவை யார் பார்க்கிறார்கள், இரவில் யார் எழுந்திருக்கிறார்கள், ஒன்றுமே இல்லை. அக்காவின் கோபம் ஜெபத்தின்மேல் இல்லை என்றுதான் நினைக்கிறேன். ‘நீ உள்ளே போய்விட்டால் அம்மா முழுக்க என் தலையில்தானே’ என்று அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அதனால் உலகத்தின் கஷ்டத்தைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்.

திருச்சபையும் இதை லேசாக எடுத்துக்கொண்டதில்லை. பிள்ளையின் உதவியில்லாமல் பெற்றோர் பிழைக்க வழியில்லை என்றால் அந்தப் பிள்ளை துறவறம் போகக்கூடாது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியல் அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் எழுதிவைத்தார். 1917-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கடும் நெருக்கடியில் இருக்கும் தாய் தந்தையைத் தாங்க வேண்டிய பிள்ளைகளைச் சபையில் சேர்ப்பதைத் தடைசெய்தது. இன்றைய சட்டம், கடனைத் திருப்பிக் கட்ட முடியாதவர்களைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. பணக் கடனுக்கே இப்படி என்றால் மற்றதை யோசித்துப் பாருங்கள்.

ரமணரின் தாய் அழகம்மாளையும் நினைத்துக்கொள்கிறேன். 1898-ல் மகனைத் தேடி வந்து, வீட்டுக்கு வா என்று நாள்கணக்கில் கெஞ்சினார். மகன் அசையவில்லை. அந்தத் தாய் அழுதுகொண்டே திரும்பியதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனால் 1916-ல் அவர் மகனோடு வாழவே வந்துவிட்டார். 1922-ல் அவர் உயிர் பிரியும்வரை மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைத் தொட்டுக்கொண்டிருந்தார். அடைபட்ட மடத்தில் உங்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்குமா என்பது சந்தேகம். அதனால் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை நீங்கள் முன்கூட்டியே செய்தாக வேண்டும்.

உங்கள் ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. அது உண்மையானது என்றே உங்கள் எழுத்திலிருந்து தோன்றுகிறது. தேவைப்பட்டால் ஓரிரு ஆண்டு தள்ளிப்போடுங்கள். மூன்று ஆண்டு நீடித்த அழைப்பு இன்னும் இரண்டு ஆண்டு பொறுக்காதா? உங்கள் சேமிப்பு அம்மாவின் பெயருக்குப் போகட்டும். அவசரத்துக்கு அக்காவுக்குத் துணை யார் என்று முடிவாகட்டும். இதையெல்லாம் மடத்துத் தலைவியிடம் ஒளிக்காமல் எழுதுங்கள். நல்ல தலைவி என்றால் இதைப் படித்துவிட்டு உங்களைக் குறைத்து மதிப்பிட மாட்டார்.

அதற்கு முன்னால், வருகிற விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருங்கள். ஜெபத்தைப் பற்றியோ மடத்தைப் பற்றியோ பேச்சே எடுக்க வேண்டாம். அக்காவை எங்கேயாவது வெளியே போய்வரச் சொல்லிவிட்டு, அம்மாவை நீங்களே குளிப்பாட்டிவிடுங்கள். மாத்திரை டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு எது காலைக்கு, எது இரவுக்கு என்று அம்மாவிடமே கேளுங்கள். அக்கா திரும்பி வந்ததும், இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாய் என்று அவரிடம் கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.