லிவர்பூலின் ஆகச் சிறந்த ரைட் பேக் யார்? என் ஓட்டு ஃபில் நீலுக்கு

கேள்வி: இங்கிலாந்து ஃபுட்பால் கிளப்பான லிவர்பூலின் வரலாற்றிலேயே சிறந்த ரைட் பேக், அதாவது வலது ஓரத்தில் நின்று தடுக்கிற ஆட்டக்காரர், யார்? ட்ரென்ட் அலெக்ஸாண்டர்-ஆர்னால்டை விட்டால் வேறு பெயர் சொல்ல ஆள் உண்டா?

உண்டு. ஃபில் நீல்.

ட்ரென்ட்டை அவர் முதல் ஆட்டத்திலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். நீல் லிவர்பூலை விட்டுப் போன 1985-க்குப் பிறகுதான் பிறந்தேன். அப்படியும் அவர் பெயரை ஏன் சொல்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வழக்கு எங்கள் ஊரில் 2025 கோடையில் ஆரம்பித்தது, இன்னும் தீரவில்லை.

ஊர் கூத்தாநல்லூர். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போகிற ரோட்டில் இருக்கிறது. சுற்றிலும் வயலும் வாய்க்காலும்தான், ஆனாலும் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர் இருப்பார். 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர் வந்ததே அதனால்தான். என் பெரியத்தா, அதாவது பெரியப்பா, 1970-களின் நடுவில் சிங்கப்பூர் போய் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். கடை அடைத்த பிறகு டிவியில் இங்கிலாந்து ஃபுட்பால் பார்ப்பாராம். லீவில் ஊருக்கு வரும்போது பெட்டியில் கோடாலித் தைலம், லுங்கி, சாக்லேட் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிவப்புச் சட்டை இருக்கும். எங்கள் தெருவுக்குள் லிவர்பூல் வந்தது அந்தப் பெட்டியில்தான்.

நாங்கள் ஆடுவது உளுந்து பிடுங்கி முடித்த வயலில். மேட்டூர் தண்ணீர் வந்து குறுவைக்கு உழுகிற வரைக்கும் அது எங்கள் மைதானம். வரப்புதான் கோடு. நான் வாய்க்கால் பக்கம் நிற்பேன், ரைட் பேக். பள்ளி அணியிலும் அதே இடம்தான். அங்கே நின்று பார்த்தால் ஒன்று புரியும். எதிரே ஓரமாகப் பந்தோடு ஏறி வருகிற விங்கரின் காலைப் பார்க்கக் கூடாது, பந்தையும் பார்க்கக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும். இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் அவன் போவான். அதைத் தொண்ணூறு நிமிடமும் பார்க்க வேண்டும். எண்பத்தெட்டாவது நிமிடம் ஒரு விநாடி கண்ணை எடுத்தால் ஆட்டம் போச்சு.

இப்போது நீலுக்கு வருகிறேன்.

1974 அக்டோபரில் நார்த்தாம்ப்டன் டவுன் என்ற சின்ன கிளப்பிலிருந்து 66,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். பாப் பெய்ஸ்லி மேனேஜரான பிறகு வாங்கிய முதல் ஆள் அவர். அடுத்த மாதமே, அதே ஊரின் இன்னொரு கிளப்பான எவர்ட்டன் மைதானத்தில், டெர்பியில் இறக்கிவிட்டார்கள், ஆட்டம் 0-0. அங்கிருந்து மொத்தம் 650 ஆட்டங்கள். ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) நான்கு: 1977, 1978, 1981, 1984. அந்த நான்கு இறுதி ஆட்டத்திலும் லிவர்பூலுக்காகக் களத்தில் நின்றவர் இவர் ஒருவர்தான்.

ஆனால் என்னை மாற்றிய எண் 417. 1976 அக்டோபர் முதல் 1983 செப்டம்பர் வரை, தொடர்ந்து 417 ஆட்டம், ஒன்றுகூடத் தவறாமல் ஆடியிருக்கிறார். இதை இன்றைய கணக்கில் பார்க்கக் கூடாது. அன்று லீக் ஆட்டத்தில் மாற்று ஆள் ஒரே ஒருவர்தான். இன்று ஐந்து பேரை மாற்றலாம், புதன்கிழமை ஆடியவருக்கு சனிக்கிழமை ஓய்வு கொடுக்கலாம். அன்று அந்தப் பேச்சே கிடையாது. குளிர்காலத்து மைதானங்களைப் பழைய வீடியோவில் பாருங்கள், நடவுக்குச் சேறு கலக்கிய வயல் மாதிரி இருக்கும். அந்தச் சேற்றில் காலை வாரி விடுகிற டேக்கிளுக்கு இன்று சிவப்பு அட்டை, அன்று ரெஃப்ரி ஒரு விசிலோடு விட்டுவிடுவார். அதில் ஏழு வருடம் ஒருத்தர் ஒரு ஆட்டம்கூட விடாமல் நின்றிருக்கிறார் என்றால், உடம்பு மட்டும் போதாது. எப்போது பாய வேண்டும், எப்போது பாயாமல் ஒதுங்கி ஓட வேண்டும் என்ற கணக்கு மண்டைக்குள் இருந்திருக்க வேண்டும்.

"தடுக்க மட்டும் தெரிஞ்ச ஆளு மச்சான்" என்று எங்கள் செட்டில் ஒருத்தன் சொல்வான். அவனுக்காகவே 1984 இறுதி ஆட்டத்தை முழுதாகப் போட்டுக் காட்டினேன். எதிரணி ரோமா. ஆட்டம் நடந்ததும் ரோம் நகரத்தில், ரோமாவின் சொந்த மைதானத்தில். 13-ஆவது நிமிடம் கோல் வாசலில் தள்ளுமுள்ளு, பந்து எகிறி விழுகிறது, அதை வலைக்குள் தட்டிவிட்டவர் நீல், லிவர்பூலின் ரைட் பேக். பிறகு 1-1 ஆகி ஆட்டம் பெனால்டிக்குப் போனது. லிவர்பூலின் முதல் பெனால்டியை ஸ்டீவ் நிகல் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டார். அடுத்து நடந்து வந்தவர் நீல், அடித்துவிட்டுத் திரும்பினார். அதே ரோமில், அதே மைதானத்தில், 1977 இறுதி ஆட்டத்திலும் 82-ஆவது நிமிடம் பெனால்டி அடித்து 3-1 ஆக்கியது இவர்தான். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் இரண்டில் கோல் போட்ட ரைட் பேக்கைப் போய் தடுக்க மட்டும் தெரிந்தவர் என்று எப்படிச் சொல்வது?

மற்றவர்களையும் விட்டுவிட முடியாது. கிறிஸ் லாலர், பெய்ஸ்லிக்கு முன் மேனேஜராக இருந்த ஷாங்க்லி காலத்து ஆள், 549 ஆட்டத்தில் 61 கோல், அதில் ஒன்றுகூட பெனால்டி இல்லை. இந்தக் கணக்கை முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன். ஐரோப்பியக் கோப்பை மட்டும் அவர் காலத்தில் கிடைத்திருந்தால் என் பதிலே மாறியிருக்கும். ஸ்டீவ் நிகல் 1989-ல் இங்கிலாந்துப் பத்திரிகையாளர்கள் தேர்ந்தெடுத்த ஆண்டின் சிறந்த வீரர். ஆனால் அவரைக் களத்தில் எல்லா இடத்திலும் ஆட வைத்தார்கள், ரைட் பேக் என்று ஒரே பெயரில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. ராப் ஜோன்ஸ் 1991-ல் முதல் ஆட்டத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸை எதிர்கொண்டு அடக்கினார், காயம் அவரை முப்பது வயதுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவரை நினைத்தால் இன்றும் வருத்தம்தான்.

ஆக மிஞ்சுவது நீலும் ட்ரென்ட்டும்.

ட்ரென்ட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாதது ஒன்றுமில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தது. எங்கள் பக்கம் தென்னை, கம்பம் எல்லாம் சாய்ந்து, இரண்டு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ஒரு கடையில் ஜெனரேட்டர் போட்டு, பலகையில் வரிசையாக ஆணி அடித்து, காசு வாங்கிக்கொண்டு போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அந்த ஆணியில் தொங்கிய போனில்தான் வாட்ஃபோர்ட் ஆட்டத்தில் அவர் அடித்த ஃப்ரீ கிக்கைப் பார்த்தேன், ஆட்டம் முடிந்து மூன்று நாள் கழித்து. எதிரணி ஆட்கள் வரிசையாக நின்ற சுவருக்கு மேலே ஏறி, வளைந்து, மூலையில் இறங்கியது. பக்கத்தில் அரிசி வாங்க நின்ற ஒரு அம்மா, "என்னப்பா, கரண்ட் வந்துட்டா?" என்று கேட்டார், நான் சத்தம் போட்ட விதத்தைப் பார்த்து.

அடுத்த மே மாதம் பார்சிலோனா ஆட்டம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் 3-0 தோற்றிருந்தோம். கோல் போடுகிற சலா இல்லை, ஃபிர்மினோ இல்லை. ரமலான் தொடங்கிய வாரம். இந்திய நேரம் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம், முடிந்ததும் அப்படியே நோன்புக்கு முன் சாப்பிடுகிற சஹரை முடித்துவிடலாம் என்று எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

நான்காவது கோலைத்தான் எல்லோரும் பேசுவார்கள். 79-ஆவது நிமிடம், கார்னர் கொடியிடம் பந்தை வைத்துவிட்டு விலகி நடந்த ட்ரென்ட், பார்சிலோனாக்காரர்கள் யாரும் பந்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் திரும்பி ஓடி வந்து அடித்தார், ஒரிகி உள்ளே தள்ளினார். வயது இருபது. எனக்கோ அதைவிட இரண்டாவது கோல் பெரிது. வலது பக்கம் ட்ரென்ட்டின் காலிலிருந்து பந்து பார்சிலோனாவின் ஜோர்டி ஆல்பாவிடம் போய்விட்டது. தலையில் கை வைத்து நிற்காமல் அடுத்த கணமே பாய்ந்து அதைத் திரும்பப் பிடுங்கி, நிமிர்ந்து பார்த்து உள்ளே அனுப்பினார், வைனால்டம் அடித்தார். விட்டதும் இவர், பிடித்ததும் இவர், கொடுத்ததும் இவர், எல்லாம் சில விநாடிக்குள். வயலில் அந்த இடத்தில் ஆடியவனுக்கு அதன் அருமை தெரியும். அன்றைக்கு சஹர் சோறு யார் தொண்டையிலும் இறங்கவில்லை. 4-0.

பிறகு ஏன் அவருக்கு ஓட்டு போடவில்லை? பாரிஸ்தான் காரணம்.

1981-ல் பாரிஸில் இறுதி ஆட்டம், எதிரே ரியல் மாட்ரிட். நீல் ரைட் பேக். 1-0 என்று வென்றோம், நம் வலையில் ஒன்றும் விழவில்லை. 2022-ல் மறுபடி இறுதி ஆட்டம், அதே பாரிஸ் பக்கம், அதே ரியல் மாட்ரிட், ட்ரென்ட் ரைட் பேக். 59-ஆவது நிமிடம் குறுக்கே வந்த பந்து அவரைத் தாண்டிப் போனது, முதுகுக்குப் பின்னால் ஓடி வந்த வினீசியஸ் தட்டிவிட்டார். 0-1. அந்தக் கோலுக்கு அவர் ஒருவர்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர் அவ்வளவு முன்னே ஏறி ஆடுவதற்காகவே அணியை அமைத்தவர் அன்றைய மேனேஜர் கிளாப், பின்னால் காலி இடம் வரும் என்று தெரிந்தே அமைத்தார். ட்ரென்ட்டின் காலுக்காக அந்த விலையைக் கொடுப்பது சரிதான், நானும் கொடுத்திருப்பேன். ஆனாலும் கேள்வி சிறந்த ரைட் பேக் யார் என்பது. வினீசியஸின் இடுப்பை அந்த ஒரு விநாடி பார்த்திருக்க வேண்டிய இடம் அது. லிவர்பூல் சட்டை போட்டு வலது பக்கம் நின்றவர்களில் ட்ரென்ட்டைப் போல் பந்தைக் கொடுக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த இடத்தையே காத்தவர் என்று கேட்டால் நீல்.

ட்ரென்ட் கிளப்பை விட்டுப் போனதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. 2025 மே மாதம், பிரீமியர் லீக் பட்டம் கைக்கு வந்துவிட்ட நேரத்தில், ஆர்சனல் ஆட்டத்தில் மாற்று ஆளாக இறங்கியபோது லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டிலேயே அவருக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். ரியல் மாட்ரிட் போகிறார் என்பதற்காக. ஆறு வயதிலிருந்து அந்த கிளப்பில் வளர்ந்த பிள்ளை, 354 ஆட்டம் ஆடிக் கொடுத்தவர். எங்கள் செட்டிலும் இரண்டு பேர் "துரோகி" என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நம்ம தெருவுல எத்தனை வீட்டு ஆம்பளைங்க ஊரை விட்டுப் போனாங்க? எந்த வீட்டு வாசல்ல நின்னு நாம கூச்சல் போட்டோம்?" என்று கேட்டேன். பெரியத்தா பஸ் ஏறின அன்றைக்குத் தெருவே வந்து வழியனுப்பியது என்று அத்தா சொல்லியிருக்கிறார்.

பெரியத்தா இப்போது ஊரில்தான் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. எங்களில் நீலைத் தன் காலத்தில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். வழக்கைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன், என் பக்கம் சொல்வார் என்ற நம்பிக்கையில்.

"ட்ரென்ட்தான்டா தம்பி" என்றார்.

"என்ன பெரியத்தா, நீங்களே இப்படிச் சொல்றீங்க?"

"நீல் என்ன செய்வாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும். டீ எடுக்கப் போனாலும் பயமில்லாம போவேன். இந்தப் புள்ள கிட்ட பந்து போனா எந்திரிக்க முடியல."

என் வாதத்தை அவரே சொல்லிவிட்டு ஓட்டை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. எதிர்த்துப் பேசவில்லை. போனை எடுத்து 1984 இறுதி ஆட்டத்தின் 13-ஆவது நிமிடத்தைப் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பந்து எகிறியது, நீல் தட்டினார்.

"இவரு அங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தாரு?" என்றார். "இன்னொரு தடவை போடு."