பத்து வெற்றி, பத்துத் தோல்வி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நீங்கள் விளையாட்டைப் பற்றி எப்போதாவதுதான் எழுதுகிறீர்கள். ஆனாலும் இதைக் கேட்பதற்கு வேறு ஆள் தோன்றவில்லை. நான் பதினான்கு ஆண்டுகளாகப் பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். மாதமொருமுறை பென் ஹில்ஸ் பெருமாள் கோயில், கோடை வந்தால் ஆற்றங்கரை மைதானத்தில் பைரேட்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் என்பது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பதினொரு வயது மகன் பால் ஸ்கீன்ஸின் 30ஆம் எண் சட்டையைத் துவைக்கக்கூடக் கொடுப்பதில்லை.

2025 நவம்பரில் ஸ்கீன்ஸுக்குச் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது, முதலிட வாக்கு ஒன்றுகூடச் சிதறாமல் கிடைத்தது. மகன் துள்ளினான். பிறகு கணினியில் அவருடைய கணக்கைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய ஆளுன்னா ஏன்ப்பா பத்து ஜெயிச்சு பத்து தோத்திருக்காரு?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அணி 71 வெற்றி, 91 தோல்வியோடு தன் பிரிவில் கடைசியாக நின்றது. உரிமையாளர் பாப் நட்டிங் கஞ்சர், பணத்தை வெளியே எடுக்க மாட்டார், சிறிய நகரம் என்று சாக்குச் சொல்வார் என்பது இங்கே எல்லோரும் பேசுவது. ஏப்ரல் மாதம் உள்ளூரின் முதல் ஆட்டத்தன்று ஒரு விமானம் "அணியை விற்றுவிடு பாப்" என்ற பதாகையை மைதானத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு போனது. நானும் கூட்டத்தோடு சேர்ந்து கத்தியிருக்கிறேன். அடுத்த ஆண்டு டிக்கெட் வாங்கி அந்த மனிதருக்கு இன்னும் காசு கொடுக்க வேண்டுமா என்று மனைவி கேட்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வி., பிட்ஸ்பர்க்

அன்புள்ள வி.,

உங்கள் மகனின் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பந்துவீச்சாளரின் பெயரில் எழுதுகிற பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒருவர் நாற்பது ஓட்டம் கொடுத்து ஆறு விக்கெட் எடுத்த பிறகு, தன் அணி அறுபதுக்குச் சுருண்டால் அந்தத் தோல்வியை அந்தப் பந்துவீச்சாளரின் தலையில் எழுதுவோமா? இங்கே எழுதுவார்கள். 2025இல் ஸ்கீன்ஸ் 32 ஆட்டங்களைத் தொடங்கி, 216 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதாவது பந்தைச் சரியாக அடிக்கவே விடாமல் வெளியேற்றி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ஓட்டங்களே கொடுத்தார். அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு லீக்குகளையும் சேர்த்து, தரவரிசைக்குத் தேவையான அளவு வீசியவர்களில் அதைவிடக் குறைவாகக் கொடுத்தவர் இல்லை. அதே ஆண்டில் முப்பது அணிகளிலும் மிகக் குறைவான ஓட்டங்களையும், கிரிக்கெட் சிக்ஸரைப் போன்ற ஹோம் ரன்களை மிகக் குறைவாகவும் எடுத்த அணி அவருடைய அணிதான். அந்தப் பத்துத் தோல்விகள் மட்டை பிடித்தவர்கள் வாங்கித் தந்தவை என்று பையனிடம் சொல்லுங்கள். அவனுக்குப் புரியும்.

இனி கஞ்சத்தனம். 2025 தொடக்கத்தில் பைரேட்ஸ் வீரர்களின் மொத்தச் சம்பளம் சுமார் 9 கோடி டாலர், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வீரர்களுடையது 30 கோடிக்கும் மேல். 2025 வரை இந்த அணி ஒரு வீரருக்குக் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம், 2023இல் பிரையன் ரெனால்ட்ஸுக்கு எட்டு ஆண்டுகளுக்குக் கொடுத்த 10.675 கோடி டாலர். பிட்ஸ்பர்க்கிலிருந்து வெளியேறிய பந்துவீச்சாளர் கெரிட் கோலுக்கு நியூயார்க் யாங்கீஸ் 2019 டிசம்பரில் ஒன்பது ஆண்டுகளுக்குக் கொடுத்தது 32.4 கோடி. ஆகவே நட்டிங் கையை இறுக்கிப் பிடிப்பவர் என்பதில் உங்களோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் "கஞ்சன்" என்ற ஒரே சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்வது அவருக்கும் அவர் நியமித்த நிர்வாகிகளுக்கும் வசதியாகப் போய்விடுகிறது என்று நான் சந்தேகிக்கிறேன். பணம் இல்லாததால் தோற்றோம் என்று ரசிகரே சொல்லிவிட்டால், திறமை இல்லாததால் தோற்ற பகுதியை யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கோல் கதையையே எடுத்துக்கொள்வோம். 2018 ஜனவரியில் பைரேட்ஸ் அவரை ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்குக் கைமாற்றியபோது அவர் நல்ல பந்துவீச்சாளர், அவ்வளவுதான். பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சொல்லித் தந்தது, பந்தைத் தாழ்வாக, கீழே இறங்கும்படி வீசி, தரையோடு அடிக்கவைத்து அவுட் ஆக்கு என்பது. ஹூஸ்டனில் அந்தப் பந்தைப் பெரும்பாலும் கைவிடச் செய்து, நேரான வேகப்பந்தை உயரத்தில் வீசச் சொன்னார்கள். கையும் தோளும் அதேதான், ஆளும் அதே ஆள்தான். 2019இல் 326 ஸ்ட்ரைக் அவுட். இந்த அறிவுரைக்கு எத்தனை கோடி டாலர் ஆகும்?

அதே 2018 ஜூலை கடைசி நாளில் நடந்தது இன்னும் மோசம். டாம்பா பே ரேஸிடமிருந்து கிறிஸ் ஆர்ச்சர் என்ற ஒரு பந்துவீச்சாளரை வாங்குவதற்காக டைலர் கிளாஸ்னோ, ஆஸ்டின் மெடோஸ், ஷேன் பாஸ் என்ற மூன்று இளைஞர்களைக் கொடுத்தார்கள். ஆர்ச்சர் சோபிக்கவே இல்லை. மெடோஸ் அடுத்த ஆண்டே, சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். கிளாஸ்னோ 2020இல் ரேஸ் அணிக்காக, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் பந்து வீசினார். இந்த வியாபாரத்தில் பைரேட்ஸை ஏமாற்றியது யாங்கீஸோ டாட்ஜர்ஸோ போன்ற பணக்கார அணி என்றால் நாம் ஆறுதல் அடையலாம். ரேஸும் சம்பளப் பட்டியலின் அடிமட்டத்தில் குடியிருக்கும் அணிதான். ஓட்டாண்டி வீட்டில் இன்னோர் ஓட்டாண்டி வந்து பாத்திரத்தை அள்ளிக்கொண்டு போன கதை அது.

சிறிய நகரம் என்ற சாக்குக்கு உங்கள் பிரிவிலேயே பதில் இருக்கிறது. மில்வாக்கி, பேஸ்பால் அணி உள்ள நகரங்களிலேயே மிகச் சிறிய சந்தை, பிட்ஸ்பர்க்கைவிடச் சிறியது. அந்த மில்வாக்கி புரூவர்ஸ் 2025இல் 97 ஆட்டங்களை வென்றது. முப்பது அணிகளில் அதுவே அதிகம்.

இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். இதே நட்டிங்கின் கீழ் இதே அணி ஜெயித்திருக்கிறது. 1993 முதல் 2012 வரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, வெற்றியைவிடத் தோல்வியே அதிகம் கண்ட அணி அது. வட அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் அவ்வளவு நீண்ட சரிவு வேறெந்த அணிக்கும் நேர்ந்ததில்லை. அதன் பிறகு 2013இல் 94 வெற்றிகள். அக்டோபர் 1 அன்று இரவு சின்சினாட்டியோடு, தோற்றவர் வெளியேற வேண்டிய ஒற்றை ஆட்டம். நான் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். கறுப்புச் சட்டை அணிந்த நாற்பதாயிரம் பேர் எதிரணிப் பந்துவீச்சாளர் ஜானி குவேட்டோவின் பெயரை இழுத்து இழுத்துப் பாடினார்கள். அவர் கையிலிருந்த பந்து நழுவிக் கீழே விழுந்து உருண்டது. மைதானமே சிரித்தது. அதற்கு அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் இடப்பக்கச் சுவருக்கு அப்பால் அடித்தார்.

இந்த மார்ட்டின் யார்? மட்டையாளருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிக்கும்போது கையைச் சற்றே உள்ளிழுத்து, சந்தேகமான பந்தை நடுவரின் கண்ணுக்கு ஸ்ட்ரைக்காக, அதாவது எல்லைக்குள் வந்த பந்தாகக் காட்டுகிற கலையில் தேர்ந்தவர். அந்தக் கலைக்கு அன்று பலரும் விலை வைக்கவில்லை. பிட்ஸ்பர்க் வைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு 1.7 கோடி டாலருக்கு அவரை எடுத்தார்கள். அதுதான் ஏழை அணியின் கெட்டிக்காரத்தனம். 2014 முடிந்ததும் டொராண்டோ 8.2 கோடிக்கு அவரைக் கொண்டுபோனது. 2015இல் 98 வெற்றிகள் வந்தும் சிகாகோவிடம் ஒற்றை ஆட்டத்தில் தோற்று வெளியேறினார்கள். கஞ்சத்தனம் உண்மையிலேயே காயப்படுத்திய இடம் அந்தக் குளிர்காலம்தான். கதவு திறந்திருந்தது, உள்ளே போக இன்னும் கொஞ்சம் செலவு செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. அதன் பிறகு 2025 வரை அந்த மைதானம் பட்டத்துக்கான ஒரு பிளேஆஃப் ஆட்டத்தையும் பார்க்கவில்லை.

ஏன் செய்யவில்லை? செய்யாவிட்டாலும் அவருக்கு எதுவும் ஆகாது என்பதால். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் நிற்கும் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும், வருமானம் பாதாளத்துக்குப் போகும். அமெரிக்க பேஸ்பாலில் கடைசி இடத்துக்குக் கிடைப்பது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை. ஸ்கீன்ஸே 2023இல் அப்படி வந்தவர்தான். ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் நிகர வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுக் கலத்தில் போட வேண்டும், அது முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படும். நியூயார்க் போட்டது அதிகம், பிட்ஸ்பர்க் எடுத்தது அதிகம். இப்படி வந்த பணத்தை ஆட்டத்தை மேம்படுத்தச் செலவிடவில்லை என்று 2018இல் வீரர்களின் சங்கம் பைரேட்ஸ் உள்ளிட்ட நான்கு அணிகள்மீது முறையீடு செய்தது. வரம்பை மீறிச் செலவு செய்யும் அணிக்கு வரி உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு செலவு செய் என்று கட்டாயப்படுத்தும் விதி எதுவும் கிடையாது.

மைதானத்தையும் அவர் கட்டவில்லை. 1997 நவம்பரில் விற்பனை வரியை உயர்த்தி மைதானங்கள் கட்டலாமா என்று பதினொரு மாவட்டங்களில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மக்கள் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டே மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்து பொதுப் பணத்தைப் பெருமளவு போட்டுக் கட்டினார்கள். 2001இல் திறந்தது. நாட்டின் மிக அழகான பேஸ்பால் மைதானங்களில் ஒன்று என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த அழகுக்கு ஊரார் பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அதனால்தான் சம்பளப் பட்டியலைவிட 2025இல் நடந்த இரண்டு சிறிய விஷயங்கள் எனக்கு அதிகம் சொல்கின்றன. நம்மூர்க் கோயில் குழல்விளக்கில் "உபயம்" என்று பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடுவதைக் கேலி செய்வோம். ஆனால் அந்தப் பெயரை அழித்துவிட்டால் ஊர் சும்மா இருக்காது. பிட்ஸ்பர்க் மைதானத்தின் வெளியே, ரசிகர்கள் பணம் கட்டி, பெற்றோரின் பெயரையும் இறந்த உறவினரின் பெயரையும் பொறித்துப் பதித்த செங்கற்கள் இருந்தன. தரையைச் சீரமைக்கிறோம் என்று பெயர்த்தெடுத்தார்கள். அந்தப் பெயர்களோடு அவை ஒரு மறுசுழற்சிக் கிடங்கில் குவிந்து கிடக்கும் படங்கள் ஏப்ரலில் வெளியாயின. அதே வாரங்களில், வலப்பக்கச் சுவரில், அணியின் பழம்பெரும் வீரர் ராபர்ட்டோ கிளெமெண்டேவின் நினைவாக இருந்த 21 என்ற எண் சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை வைத்திருந்ததும் கவனத்துக்கு வந்தது. நிகராகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும்போது 1972 டிசம்பர் 31 அன்று விமான விபத்தில் இறந்தவர் கிளெமெண்டே. அந்தச் சுவரின் உயரமே அவர் எண்ணை ஒட்டி 21 அடி. குடும்பத்தினரும் ரசிகர்களும் வருந்திய பிறகு சின்னம் திரும்பி வந்தது. இந்த இரண்டிலும் மிச்சப்பட்ட பணம் அற்பம். செங்கல்லைப் பெயர்த்தெடுக்கும் முன்பு, அதில் எழுதியிருப்பதை ஒருவர்கூட நின்று படிக்கவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது.

"அணியை விற்றுவிடு" என்ற முழக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. நட்டிங் குடும்பமும் பங்கேற்ற குழு 1996இல் இந்த அணியைப் பத்துக் கோடி டாலருக்கும் குறைவாக வாங்கியது. 2007இல் பாப் நட்டிங் முதன்மை உரிமையாளரானார். இன்று அணியின் மதிப்பு நூறு கோடியைத் தாண்டிவிட்டது. நீங்கள் கத்திக் கேட்பது, அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய லாபத்தை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதை. அவரோ, வைத்திருந்தால் இன்னும் ஏறும் என்று பொறுமையாக இருக்கிறார். கத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு அஞ்சுவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2026 டிசம்பர் 1 அன்று உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிகிறது. குறைந்தபட்சச் செலவு என்ற விதி வருமா என்பது அந்த மேசையில்தான் முடிவாகும், அங்கே ரசிகருக்கு நாற்காலி கிடையாது.

டிக்கெட் விஷயத்தில் உங்கள் மனைவியின் கோபம் நியாயமானது, ஆனால் கணக்கு அவருக்குச் சாதகமாக இல்லை. நீங்கள் கொடுக்காத ஒவ்வொரு டாலரிலும் ஏறத்தாழ பாதி எப்படியும் பொதுக் கலத்துக்குப் போக வேண்டியது. மறுபக்கத்தில், ஸ்கீன்ஸ் 2029 பருவம் முடியும்வரை பைரேட்ஸின் உரிமையில் இருக்கிறார். இடையில் அவரை விற்காமலிருந்தால் உங்கள் மகனுக்குப் பதினைந்து வயதாகும்வரை அவரைப் பார்க்கலாம். பருவம் முழுவதற்குமான டிக்கெட் எடுக்காதீர்கள், மட்டை பிடிப்பவர்களின் வரிசையைப் பார்க்க அவ்வளவு காசு தேவையில்லை. அவர் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறைதான் வீசுவார். வீசுபவர்களின் பட்டியல் சில நாள் முன்னதாகவே வெளியாகும், பார்த்து வாங்குங்கள். மட்டையாளர் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் உயரமான வரிசையில் இடம் கிடைத்தால் எடுங்கள். அவருடைய ஸ்பிளிங்கர் என்ற பந்து மட்டைக்கு அருகில் வந்து சட்டென்று கீழே விழுவது அங்கிருந்துதான் சரியாகத் தெரியும்.