வீடு கேள்வி-பதில்: தட்டினால் ஒலிக்கும் சுவரை நம்பலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு முதல் மாடிக் கூடம் மிக நீளமானது. மகனுக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால், அதில் ஒரு பகுதியை மறித்துத் தனி அறையாக்க விரும்புகிறோம். கொத்தனார் நாலரை அங்குலச் செங்கல் சுவர் எழுப்பலாம் என்கிறார். உள்வேலை செய்பவரோ ஜிப்சம் போர்டு பார்ட்டிஷன் போதும் என்கிறார். தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் அந்தச் சுவரை நம்பலாமா? (வாசகி, மதுரை)

பதில்: முதலில் எடையைப் பார்த்துவிடுவோம். 12 அடி நீளமும் 10 அடி உயரமும் உள்ள நாலரை அங்குலச் சுவர், இருபுறப் பூச்சையும் சேர்த்து, ஏறத்தாழ இரண்டரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதே அளவில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டத்தின் இருபுறமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு (காகித உறையிட்ட ஜிப்சப் பலகை) அடித்த சுவர் 300 கிலோவைத் தாண்டுவது அரிது. சுவர் வரும் இடத்துக்கு நேர் கீழே பீம் இல்லையென்றால், கட்டுமானப் பொறியாளரிடம் காட்டாமல் மாடித் தளத்தின் நடுவில் செங்கல் அடுக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

டொக்கென்ற ஒலி பலவீனத்தின் அடையாளமன்று. உள்ளே வெற்றிடம் இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். ஆனால் அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட்டால், பக்கத்து அறையின் பேச்சு தெளிவாகக் கேட்கும். புதுமணத் தம்பதியருக்கான அறை என்பதால், உள்ளே ராக்வூல் (ஒலியை உறிஞ்சும் பாறையிழைப் பஞ்சு) நிரப்பி, இருபுறமும் இரண்டிரண்டு போர்டுகளை இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி அடிக்கச் சொல்லுங்கள். சுவரை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திவிடாமல் மேலேயுள்ள கான்கிரீட் தளம் வரை கொண்டுசெல்வது அதைவிட முக்கியம். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனெனில் ஒலி சீலிங்குக்கு மேலேயுள்ள இடைவெளி வழியாகவே அடுத்த அறைக்குள் இறங்கிவிடும்.

தரையிலும் மேல்தளத்திலும் சேனலை (கிடைச்சட்டம்) பொருத்தி, இரண்டடிக்கு ஒன்றாக ஸ்டட்களை (நிலைச்சட்டங்கள்) நிறுத்துவது வழக்கம். மேல்தளம் சுமையால் சற்றே தாழ்ந்தாலும் சுவர் நசுங்காதிருக்க, ஸ்டட்டைச் சில மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? போர்டின் கீழ்விளிம்பு தரையைத் தொட்டால் அது தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். ஆகவே 10 மி.மீ. உயர்த்தி அடித்து, இடைவெளியை நீரில் கெடாத சீலன்டால் அடைத்து, ஸ்கர்ட்டிங் டைலால் மறைப்பது நல்லது. டிவி, ஏசி, பரண் போன்றவற்றின் எடையை வெறும் போர்டு தாங்காது என்பதால், அவை வரும் இடங்களில் ஸ்டட்களுக்கிடையே பிளைவுட் வைத்த பின்பே மறுபுறத்தை மூட வேண்டும். மூடுவதற்கு முன் சட்டத்தின் மீது அளவு டேப்பை விரித்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு துளையிடுகையில் அது கைகொடுக்கும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் கீழ்தளச் சுவரில் மூன்றடி உயரத்துக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உதிர்கிறது. அதன்மேல் ஜிப்சம் போர்டு ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஒட்டலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வேண்டாம். ஈரச்சுவரில் ஒட்டிய போர்டு ஊறி மெத்தென்றாகி, அதன் காகித உறையில் பூஞ்சை படரும். ஓதமோ மறைவில் இன்னும் மேலேறும். பச்சை நிற ஈரத்தடுப்புப் போர்டு காற்றிலுள்ள ஈரத்தைச் சமாளிக்குமே தவிர, ஓயாமல் நனையும் சுவருக்கு உரியதன்று. குழாய்க் கசிவா, வெளியே மண் மட்டம் உள்தரையைவிட உயர்ந்துவிட்டதா, அடித்தளத்தில் ஓதத்தடுப்புப் பூச்சே இல்லையா என்று காரணத்தைக் கண்டறிந்து அதைச் சரிசெய்யுங்கள். பிறகு உப்பேறிய பூச்சைச் செதுக்கியெடுத்து, செங்கல்லைக் காயவிடுங்கள். கோணல்மாணலான பழைய சுவரை மறுபூச்சில்லாமல் மட்டமாக்க போர்டு உண்மையிலேயே அருமையான வழிதான். ஆனால் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடந்தும் அந்தச் சுவர் காய்ந்தே இருந்தால், அப்போது அதைப் பற்றிப் பேசலாம்.