பத்து நிமிடச் சோபாவும் எண்பது கிலோமீற்றர் முதுகும்

வாசகர் கேள்வி: வயது 43. வீடு களுவாஞ்சிக்குடி, வேலை பொத்துவில். கிழமைக்கு இரண்டு தரம் 150 சிசி பைக்கில் போய்வருகிறேன். திருக்கோவில் தாண்டமுன்பே வலது கை விரல்கள் விறைத்துவிடுகின்றன. வீட்டுக்கு வந்து இறங்கினால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை. பைக்கை மாற்ற யோசிக்கிறேன். தெரிந்த புரோக்கர் ஒருவர், "குரூசர் எடுங்க, சோபாவில இருக்கிற மாதிரி இருக்கும்" என்கிறார். மைத்துனரோ டூரிங் வகைதான் நல்லது என்கிறார். எதில் அதிர்வு குறைவு?

மைத்துனர் சொன்னதுதான் சரி. குரூசர் என்றால் தாழ்ந்த சீற்றில் இருந்து காலை முன்னால் நீட்டி ஓடுகிற பைக், டூரிங் என்றால் தூர ஓட்டத்துக்கென்று கொஞ்சம் முன்சாய்ந்து இருக்கிற பைக். ஆனால் காசை எடுத்துக் கொடுக்கமுன் ஒரு விசயம். ஒரு வருத்தம் என்று நினைத்து நீங்கள் எழுதியிருப்பது உண்மையில் இரண்டு வருத்தம். விரல் விறைப்பது எஞ்சினால், இடுப்பு நோவது ரோட்டால். இரண்டுக்கும் மருந்து வேறு. புரோக்கர்மார் இரண்டையும் 'வைப்ரேசன்' என்று ஒரே சாக்கில் கட்டி, மேலே ஒரு தடித்த சீற்றை வைத்து விற்றுவிடுவார்கள்.

முதலில் விரலைப் பார்ப்போம். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் பைக்கை ஒரு உதறு உதறும். மீற்றரில் 6,000 சுற்று என்று காட்டினால் செக்கனுக்கு 100 உதறல். சுற்று இரண்டு மடங்கானால் உதறும் விசை நாலு மடங்காகும். கல்முனை டவுனுக்குள் சுகமாக ஓடிய அதே பைக், அக்கரைப்பற்று தாண்டி எழுபதில் விட்டதும் கையைத் தின்னத் தொடங்குவது இதனால்தான். பெரிய கம்பனிகள் இதை அடக்க எஞ்சினுக்குள் எதிர்ப்பாரம் (பிஸ்டனின் உதறலுக்கு எதிராகச் சுற்றி அதை அடக்கும் எடை) வைப்பார்கள், ரப்பரில் எஞ்சினைத் தூக்கி வைப்பார்கள், பிஸ்டன்களை எதிரும் புதிருமாக ஓடவிடுவார்கள். பிஎம்டபிள்யூவின் பொக்சர் எஞ்சின் அப்படி. ஹொண்டா கோல்ட் விங்கில் 1988 முதல் ஆறு சிலிண்டர் படுத்துக் கிடக்கிறது, அதில் ஏறினால் எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும். அதெல்லாம் நமக்கில்லை, விடுங்கள்.

குரூசருக்கு வருவோம். பெரிய வி-ட்வின், அதாவது 'V' வடிவில் இரண்டு சிலிண்டர் வைத்த குரூசர், நின்ற இடத்தில் ஆயிரம் சுற்றில் ஓடும்போது ஹாண்டில் ஆடுவது கண்ணுக்கே தெரியும். பார்க்கப் பயமாக இருக்கும். ஆனால் ஓட ஓட அது அடங்கும். பெரிய எஞ்சின் எழுபதில் மெதுவாகத்தான் சுற்றும், அதனால் கைக்கு அவ்வளவு தொல்லை இல்லை. விரலை விறைக்க வைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத பொடி அதிர்வு, தேனீ கூட்டுக்குள் கை வைத்தது போல இருக்குமே, அது. கைக்கு மட்டுமல்ல, போனுக்கும் அது கூடாது. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஐபோன் கமராவைக் கெடுக்கலாம், ஹாண்டிலில் நேரடியாகப் பூட்டவேண்டாம் என்று ஆப்பிள் கம்பனியே 2021இல் அறிவித்தது.

உங்கள் புரோக்கர் காட்டப்போவது அந்தப் பெரிய குரூசரையா? இல்லை. நம் விலைக்கு வருவது சின்ன எஞ்சினுக்குக் குரூசர் உடுப்புப் போட்டது. பஜாஜ் அவெஞ்சர் 220இன் எஞ்சின் பல்சர் 220இன் எஞ்சின் குடும்பம்தான். அது கெட்ட பைக் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல்சரில் உதறுகிறது என்று அவெஞ்சருக்கு மாறுகிறவர், கூட்டாளியின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு ஆள் மாறிவிட்டதாக நினைப்பவர்.

இனி இடுப்பு. இங்கேதான் குரூசர் தோற்கிறது.

சீற் தாழ்வாக இருக்கவேண்டும் என்றால் பின் சில்லு மேலே எழும்ப இடம் குறையும். இடம் குறைந்தால் சொக்கை (குலுக்கலை வாங்கும் சொக் அப்சோபரை) இறுக்கமாக வைத்தாகவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு குழிக்கும் அடியில் இடிக்கும். கம்பிச்சுருளால் செய்யவேண்டிய வேலையை அப்போது உங்கள் முள்ளந்தண்டு செய்கிறது. அதோடு கால் முன்னால் நீட்டியிருக்கிறது. கால் கீழே மடங்கியிருந்தால், திருக்கோவில் தாண்டி மதகுகளில் ரோட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் வரும் அந்தப் படியைக் கண்டதும் ஒரு அங்குலம் எழும்பிக் கொள்ளலாம். முழங்கால் வாங்கிக்கொள்ளும். முழங்காலைப் போல ஒரு சொக்கை எந்தக் கம்பனியும் இன்னும் செய்யவில்லை. காலை முன்னால் நீட்டிக்கொண்டு எழும்பிப் பாருங்கள், முடியாது. வீட்டுக் கதிரையிலேயே செய்து பார்க்கலாம்: பாதத்தை முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, கையை ஊன்றாமல் எழும்புங்கள். பிட்டத்தில் மொத்தப் பாரமும் இருப்பது அப்போது விளங்கும்.

உட்கார்ந்திருக்கும் நிலையில் உடம்புக்கு ஆகக் கூடாத ஆட்டம் செக்கனுக்கு 4 முதல் 8 தரம் மேலும் கீழும் குலுங்குவது. முள்ளந்தண்டும் வயிறும் அந்த வேகத்தில் தாமும் சேர்ந்து ஆடத் தொடங்கும். பள்ளம் திட்டியான ரோட்டில் இறுக்கமான சொக் தருவது இந்த மாதிரியான குலுக்கலைத்தான். தடித்த பஞ்சு சீற் இதை நிறுத்தாது. பத்து நிமிடம் சுகமாக இருக்கும், அரை மணியில் பஞ்சு அமிழ்ந்து அடிப்பலகையில் இருப்பீர்கள். புரோக்கர் உங்களை ஏற்றிக் காட்டுவதும் அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

கச்சான் காற்றுக் காலத்தையும் யோசியுங்கள். நெஞ்சை நிமிர்த்திக் கையை விரித்து இருப்பவருக்குக் காற்று பாயைப் பிடித்தமாதிரிப் பிடிக்கும். ஹாண்டிலில் தொங்கிக்கொண்டு போவீர்கள். இறுக்கிப் பிடிக்கிற கைக்கு அதிர்வும் கூடத்தான் ஏறும். டூரிங் வகையில் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கால் இடுப்புக்குக் கீழே வந்து, பாரம் கை, கால், பிட்டம் மூன்றுக்கும் பிரிகிறது. உங்களுக்கு ஆயிரம் சிசி டூரிங் தேவையில்லை. எழுபதுக்கு மேல் போகச் சட்டம் விடாத ரோட்டில் அது யானை கட்டித் தீனி போடுகிற வேலை. அந்த இருப்பு முறை உள்ள, 150 முதல் 250 சிசிக்குள், எதிர்ப்பாரம் வைத்த எஞ்சின் போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் நீட்டிச் சொல்லியாக வேண்டும், இதில் பலர் விழுந்து கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். உயரம் குறைந்தவர்கள். டூரிங், அட்வென்ச்சர் வகைகளில் சீற் உயரம். ஐந்தடி இரண்டு அங்குலக்காரர் நின்றால் பெருவிரல் நுனிதான் நிலத்தில் படும். ஓடும்போது பிரச்சினை இல்லை, நிற்கும்போதுதான் எல்லாம். படுவான்கரைப் பக்கம் மணல் ரோட்டில் கிறுகும்போது, குருமண்வெளித் துறையில் பாதையில் (ஆளையும் பைக்கையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவையில்) பைக்கை ஏற்றி அது ஆடும்போது, பின்னால் மனைவியும் மடியில் பிள்ளையும் இருக்கும்போது, இரண்டு உள்ளங்காலும் நிலத்தில் பதியாவிட்டால் பைக்கோடு சாய்வீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இடுப்பு நோவைவிட விழாமல் இருப்பது பெரிது, தாழ்ந்த குரூசரே எடுக்கட்டும், வழியில் இரண்டு தரம் இறங்கி நடக்கட்டும். "சீற்றை வெட்டித் தாழ்த்தித் தாறேன்", "பின்னால லிங்க் மாத்தித் தாறேன்" என்று வருகிறவர்களிடம் டூரிங்கைக் கொடுக்கவேண்டாம். தாழ்த்தினால் சொக்கின் இடம் போய்விடும், டூரிங் விலைக்குக் குரூசரின் குலுக்கலை வாங்கியவர் ஆவீர்கள். முழங்கால் மடக்க முடியாதவர்களுக்கும் இதே கதைதான். உங்கள் உயரத்தை நீங்கள் எழுதவில்லை, அதனால்தான் இவ்வளவு சொன்னேன்.

இனிப் புரோக்கர் விசயம். ஒருவர் பழைய வி-ட்வின் குரூசர் ஒன்றை வாங்கி, மூன்றாம் நாள் என்னிடம் கொண்டுவந்தார். கால்மிதியில் பாதம் நிற்கவில்லை, அவ்வளவு உதறல். விற்றவர் சொன்னாராம், "வி-ட்வின் எண்டா இப்பிடித்தான் தம்பி, அதுதான் அதின்ட கெத்து." கீழே குந்தி டோர்ச் அடித்துப் பார்த்தேன். எஞ்சினைச் சட்டத்தோடு பிடிக்கும் நட்டுகளில் ஒன்றின் புரி முழுதாகப் போயிருந்தது. இடைவெளியை நிரப்பச் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, செப்புக் கம்பியால் கட்டி, மேலே கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கெத்து அந்த டியூப்புக்குள்தான் இருந்தது.

இப்படிப்பட்டவை ஏன் இவ்வளவு? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல்தான் திறந்தார்கள். இடையில் ஐந்து வருடம் ஓட்டை உடைசலெல்லாம் தங்கம் விலைக்குப் போனது, தரகர்மார் நெல்லுப்போல முளைத்தார்கள். ஐரோப்பாவில் வேலைசெய்கிறவனின் கைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அதிர்வு போகலாம் என்று 2002இலேயே சட்டம் போட்டு அளவு வைத்தார்கள். இங்கே வருடத்துக்கு ஒருதரம் குழாயில் கம்பியை விட்டுப் புகையை அளந்து பத்திரம் தருகிறார்கள். எஞ்சின் நட்டில் டியூப் சுற்றியிருந்தாலும் பத்திரம் வரும், புகை சரியென்றால். இதைக் கேட்க ஆளில்லை. ஓப்பன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் கைமாறி வரும் பத்திரத்தில், பைக் வாங்கவே வேண்டாம். புத்தகத்தில் பெயருள்ள ஆளை நேரில் பார்த்து, எஞ்சின் நம்பரையும் செசி நம்பரையும் உங்கள் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

புதுப் பைக் தேடமுன் உங்கள் 150ஐ ஒரு நாள் கராஜில் விடுங்கள். எஞ்சின் நட்டுகள், செயின், ஹாண்டில் பெயரிங், டயர்க் காற்று. காற்றைக் கல்லாக இறுக்கி அடித்திருப்பார்கள், அதிலேயே பாதிக் குலுக்கல். முன் பல்சக்கரம் 14 பல் என்றால் 15 போடக் கேளுங்கள். அதே வேகத்துக்குச் சுற்று நூற்றுக்கு ஏழு போலக் குறையும், உதறும் விசை நூற்றுக்குப் பதின்மூன்று போலக் குறையும். கடற்கரை ரோடு சமதரை, அதனால் சரிவரும். பதுளைப் பக்கம் ஆளை ஏற்றிக்கொண்டு ஏறுகிறவர் என்றால் வேண்டாம்.

பைக்கை விட்டு இறங்கி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகும், அல்லது இரவு படுக்கையிலும் விரல் விறைத்தால் அது என் வேலை இல்லை. போதனா வைத்தியசாலையில் காட்டுங்கள், சீனி வருத்தமும் பார்க்கட்டும்.

அப்புறமும் வாங்கத்தான் வேண்டும் என்றால் புரோக்கரின் வாசலில் ஓடிப் பார்க்காதீர்கள். உங்கள் காசில் ஒரு லீற்றர் பெற்றோல் அடித்து, கல்லடிப் பாலத்திலிருந்து களுவாஞ்சிக்குடி வரை, நேர் ரோட்டில் எழுபதைத் தொட்டு, நிற்காமல் வாருங்கள். இறங்கியதும் சேர்ட் பொத்தான் ஒன்றைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். விரல் தடுமாறினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள்.