கிளிநொச்சியில் தவறணையும் பூட்டு, கொத்து ரொட்டியும் இல்லை என்றால்

கிளிநொச்சிக்குப் போன இடத்தில் தவறணை (கள்ளுக்கடை) பூட்டிக் கிடந்ததென்றால், அதை ஒரேயடியாக மூடியிருக்க மாட்டார்கள். நீங்கள் போனது போயா (பௌர்ணமி) நாளாக இருக்கும். அன்று இலங்கை முழுக்க மது விற்கத் தடை, கள்ளும் அதற்குள் அடக்கம். கலண்டரில் அந்தத் திகதியைப் பாருங்கள்.

அடுத்தமுறை காலையிலேயே போங்கள். நேரம் போகப் போகக் கள் புளித்துவிடும். பனங்கள் பருவத்தில்தான்; மற்ற மாதங்களில் தென்னங்கள், இல்லாவிட்டால் போத்தல் கள்.

மத்தியானம் கொத்து கேட்டால் சோறுதான் இருக்கிறது என்பார்கள். பொழுதுபட்டபின் ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) வீதியில் கொத்து அடிக்கும் தகட்டுச் சத்தம் கேட்கும் கடைக்குள் நுழையுங்கள், வாசலில் லொறிகள் நின்றால் இன்னும் நல்லது. எண்ணெய் வழியும், அதில்தான் ருசியே. உறைப்பு ஆகாதென்றால் முதலே சொல்லிவிடுங்கள்.

குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம். இரவில் வீதியில் மாடுகள் படுத்திருக்கும்.