நத்தையின் ஓடு உடைந்தால் மறுபடி வளருமா?

மதுரைப் பக்கம் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் கிடைத்த நத்தைக்கு ஓடு உடைந்திருக்கிறது, பிழைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்தது. உடல் வெளியே வரும் ஓட்டின் வாய் விளிம்பு என்றால் கவலை வேண்டாம், ஓடு வளர்வதே அங்கேதான். நடுவில் ஓட்டை என்றால், உடலைப் போர்த்தியிருக்கும் சதை உள்ளிருந்து கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய படலம் விடும். அதில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகும். அந்த இடம் வெளிறி, சொரசொரப்பாகவே இருக்கும். சுருளின் உச்சி நொறுங்கியிருந்தால் கஷ்டம்தான்.

ஆடுகிற சில்லைப் பிய்க்காதீர்கள். ஈரமண் போட்ட டப்பாவில் நிழலில் வையுங்கள். மதுரை வெயிலில் உடல் காய்ந்துபோவதுதான் பெரிய ஆபத்து. சுண்ணாம்புச் சத்துக்கு, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரையோ (கணவாய் மீனின் ஓடு), பொடித்த முட்டை ஓடோ தாருங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம், உடலைப் பொசுக்கிவிடும்.