கேள்வி-பதில்: மாமனார் ஆட்சி, மருமகன் கேள்வி

கேள்வி: கணவன் மனைவிக்குள் ஒத்துப்போகவில்லை என்றால் அரசியலில் தலையெடுக்க முடியாது என்கிறார்களே, இந்திரா காந்தி மட்டும் எப்படி வந்தார்?

பதில்: ஒத்துப்போகாததால்தான் வந்தார் என்று சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஆனால் பாதி உண்மை அதுதான். 1942-இல், நேருவுக்கு அவ்வளவாக இஷ்டமில்லாமலேயே ஃபெரோஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஃபெரோஸுக்கு லக்னோவில் 'நேஷனல் ஹெரால்டு' பத்திரிகையில் வேலை. டெல்லியில் அப்பா பிரதமர், அம்மா கமலா 1936-லேயே இறந்துவிட்டார், அந்த வீட்டை நிர்வகிக்க ஆள் இல்லை. ஒத்தாசைக்கு என்று பிள்ளைகளோடு வந்துபோய்க்கொண்டிருந்தவர் கடைசியில் பிரதமர் இல்லமான தீன்மூர்த்தி மாளிகையிலேயே தங்கிவிட்டார். விருந்தில் எந்தத் தலைவரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பது, எந்த முதலமைச்சர் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார், அப்பாவைப் பார்க்க வந்தவருக்கு உண்மையில் என்ன வேண்டும், இதெல்லாம் அங்கே அத்துப்படியானது. 1955-இல் காங்கிரஸ் காரியக் கமிட்டியில் இடம், 1959-இல் கட்சித் தலைவர் பதவி. லக்னோவில் குடித்தனம் நன்றாக நடந்திருந்தால் இதெல்லாம் வாய்த்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

ஃபெரோஸும் லேசுப்பட்டவர் இல்லை. 1952-இலும் 1957-இலும் ரேபரேலியில் ஜெயித்து வந்தவர், ஆளும் கட்சி வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டு, எல்ஐசி பணம் ஒரு கோடியே இருபத்து நாலு லட்சம் ரூபாய் தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளுக்கு எப்படிப் போனது என்று மாமனார் அரசையே கேட்டார். விசாரணைக் கமிஷன் வந்தது, 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி (நம்ம ஊர்க்காரர்தான்) ராஜினாமா செய்தார். மறுவருடம் கேரளத்தில் ஈ.எம்.எஸ்.ஸின் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மனைவி மல்லுக்கு நிற்க, கணவர் கூடாது என்றார். வீட்டுச் சண்டையா கொள்கைச் சண்டையா என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலை அது. 1960-இல் ஃபெரோஸ் மாரடைப்பில் போனபோது அவருக்கு 48 வயதுகூட நிறையவில்லை. இந்திரா ஆடிப்போனார். பிரிந்து இருந்தார்களே தவிர விட்டுப்போகவில்லை.

கேள்வி: சரி, அந்தக் கசப்பு அவருடைய ஆட்சியில் எங்காவது தெரிந்ததா?

பதில்: கணவர் விஷயத்தைவிட அத்தை விஷயத்தில் நன்றாகவே தெரிந்தது. நேரு குடும்ப வீடான ஆனந்த பவனத்தில் புகுந்த வீட்டுப் பெண்கள் அம்மா கமலாவை மட்டம் தட்டியதைப் பார்த்து வளர்ந்தவர் இந்திரா, அதில் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்டை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. ஐ.நா. பொதுச்சபைக்கே தலைமை வகித்த அத்தைக்கு, 1966-இல் இவர் பிரதமரான பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒரு பொறுப்பும் வரவில்லை. உறவுக்காரர்களை இப்படித் தள்ளி வைத்தவர் நெருக்கடி வந்ததும் யாரை நம்பினார் என்றால், எந்தப் பதவியிலும் இல்லாத சின்ன மகன் சஞ்சயை. என்னைக் கேட்டால் அவர் அரசியலுக்குப் பெரிய சேதம் அங்கேதான் நடந்தது. 1977 தேர்தலில் அத்தை ஓய்விலிருந்து எழுந்து வந்து அவசரநிலையை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். சொந்த அத்தையே மேடையேறிப் பேசும்போது ஜனதா கட்சிக்கு வேறென்ன விளம்பரம் வேண்டும்?